இழக்க ஒன்றுமில்லாத துணிவு

ஆடம்பரக் கைக்கடிகார விளம்பரங்களில் இன்று மிகுதியாகப் புழங்கும் சொல் துல்லியம் அன்று, துணிவு. துல்லியத்தைப் பேசும் தகுதியை அந்தத் தொழில் அரை நூற்றாண்டுக்கு முன்பே இழந்துவிட்டது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம், பல லட்சம் ரூபாய் விலையுள்ள இயந்திரக் கடிகாரத்தைவிடச் சரியாக நேரம் காட்டும். சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி அவ்விரண்டையும் விஞ்சும். நேரத்தை விற்க முடியாத கடிகாரத் தொழில் வேறெதையேனும் விற்றாக வேண்டும். அது விற்பது 'துணிச்சலான வடிவமைப்பு'. ஓர் ஆடம்பர நிறுவனத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் வடிவமைப்புத் துணிவே என்னும் வாக்கியம் ஜெனீவாவில் பிறந்து, துபாய் வழியாக மும்பைக்கும் பெங்களூருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கடைக்காரரும் சேகரிப்பாளரும் வணிக இதழாளரும் அதை வேதவாக்காக ஒப்பிக்கிறார்கள்.

அந்த வாக்கியம் பாதி உண்மை. முழுப் பொய்யை எளிதில் விரட்டிவிடலாம். பாதி உண்மைக்கு ஆயுள் அதிகம்.

தமிழில் துணிதல் என்ற வினைக்கு வீரம் காட்டுதல் என்பதற்கு முன்பே முடிவெடுத்தல் என்ற பொருள் உண்டு. லாபமும் இழப்பும் எண்ணிப் பார்க்கப்பட்ட பிறகு, இழப்பு நேரக்கூடும் என்று தெரிந்தே எடுக்கப்படும் முடிவு அது. ஆகவே ஒரு வடிவமைப்பைத் துணிவானது என்று அழைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது தோற்றிருந்தால் இதைச் செய்தவர் எதை இழந்திருப்பார்? விடை 'ஒன்றுமில்லை' என்றால், அங்கே இருப்பது துணிவு அன்று; அலங்காரம். இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், ஆடம்பரக் கடிகாரத் தொழில் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

முதலில் அந்தக் கதையின் உண்மைப் பகுதியைப் பார்க்க வேண்டும். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீக்கோ நிறுவனம் 'ஆஸ்ட்ரான்' என்ற கைக்கடிகாரத்தை வெளியிட்டது. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு நேரம் காட்டிய முதல் வணிகக் கைக்கடிகாரம் அது. விலை 4,50,000 யென். அன்று ஒரு சிறிய காரின் விலை. உறை 18 காரட் பொன். எதிர்காலம் பொன் உறை அணிந்து வந்து கதவைத் தட்டியது. அதற்குச் சுவிட்சர்லாந்தின் மலைக் கிராமமொன்றிலிருந்து வந்த பதில் எஃகு அணிந்திருந்தது.

ல பிராசூ என்ற ஊரில் 1875 முதல் இயங்கிவந்த ஓட்மார் பிகே நிறுவனம், 1972 ஏப்ரலில் பாசல் கண்காட்சியில் 'ராயல் ஓக்' கடிகாரத்தை வைத்தது. வரைந்தவர் ஜெரால்டு ஜெண்டா. ஒரே இரவில் வரைந்ததாக அவரே சொல்லிவந்தார். எண்கோண வளையம்; அதன்மீது எட்டு அறுகோணத் திருகுகள். திருகை மறைப்பதே உயர்ந்த கைவினை என்று நம்பிய மரபில், திருகையே அணியாக்கி வெளியே நிறுத்திய வடிவம் அது. உறையும் சங்கிலியும் தனித்தனியாகத் தோன்றாமல், ஒன்றிலிருந்து மற்றொன்று வழிந்து இறங்கின. 39 மில்லிமீட்டர் அகலம் அன்றைய கண்ணுக்கு மிகப் பெரிது. உள்ளே இருந்ததோ தேதி காட்டும் பகுதியும் சேர்த்து 3.05 மில்லிமீட்டர் தடிமனே கொண்ட, தானே சாவி ஏறும் இயந்திரம். எஃகைப் பொன்னைப்போல் சீவி மெருகிடுவது கடினம் என்பதால், முதல் மாதிரிகள் வெள்ளைப் பொன்னில் செய்து பார்க்கப்பட்டன. பொன்னில் ஒத்திகை பார்த்து எஃகில் அரங்கேற்றிய கடிகாரம் அது. விலை ஏறத்தாழ 3,300 பிராங்க். பல பொன் கடிகாரங்களைவிட அதிகம்.

இங்கே இழப்புக் கேள்வியைக் கேட்டால் தெளிவான விடை கிடைக்கிறது. சிறிய குடும்ப நிறுவனம்; ஜப்பானிய அலை கரையைத் தொட்டுவிட்ட நேரம்; பொன் வாங்கப் பழகிய வாடிக்கையாளரிடம் எஃகைப் பொன்னின் விலைக்கு நீட்டும் முடிவு. தொடக்கத்தில் விற்பனை மெதுவாகவே நகர்ந்தது, ஏளனமும் இருந்தது. ராயல் ஓக் தோற்றிருந்தால் நிறுவனத்தின் நற்பெயரும் முதலும் சேர்ந்தே போயிருக்கும். இது துணிவு. இதை மறுப்பவர் கடிகார வரலாற்றையே மறுப்பவர்.

ஆனால் அந்தத் துணிவின் கணக்கை முழுதாக எழுத வேண்டும். வரைந்த ஜெண்டா தம் தொழிலின் தொடக்கத்தில் ஒரு வரைபடத்துக்கு 15 பிராங்க் வீதம் கூலி பெற்றவர். ராயல் ஓக் முகப்பில் நிறுவனத்தின் பெயர் உண்டு. அவர் பெயர் இல்லை. அவர் மறைந்து பதினோராண்டுகளுக்குப் பின், 2022 மே மாதம், அவர் அணிந்திருந்த ராயல் ஓக் ஜெனீவா ஏலத்தில் 21 லட்சம் பிராங்குக்கு விற்றது. 'மேதை' என்ற பட்டம் ஏலப் பட்டியலுக்குப் பயன்படும் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் அந்தப் பெயர் முழங்கப்பட்டது.

இன்னும் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. துணிச்சலான வடிவமைப்பே சுவிஸ் கடிகாரத் தொழிலைக் காப்பாற்றியது என்ற கதையில், காப்பாற்றப்படாதவர்கள் வருவதில்லை. 1970-இல் அந்தத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை பார்த்தனர். 1980-களின் நடுவில் 30,000-த்துக்குச் சற்று மேற்பட்டவர்களே எஞ்சினர். எண்கோண எஃகு வளையம் அவர்களைக் காப்பாற்றவில்லை. அதனால் முடிந்திருக்கவும் முடியாது. பிழைத்த தொழிலுக்கு மீண்டும் பெரும் எண்ணிக்கையில் விற்பனை கொடுத்தது 1983-இல் வந்த ஒரு பிளாஸ்டிக் கடிகாரம். 'ஸ்வாட்ச்' என்ற அந்தக் கடிகாரம் 51 உறுப்புகளால் ஆனது. வழக்கமான கடிகாரத்தின் உறுப்புகளில் பாதியளவே அது. உறையின் அடிப்பகுதியையே இயந்திரத்தின் அடித்தட்டாக்கி, கண்ணாடியை ஒட்டி மூடிய அந்த வடிவம், பழுது பார்ப்பதற்காகப் பிரிக்கவே முடியாத சுவிஸ் கடிகாரம் என்ற அபசாரத்தைச் செய்தது. பரம்பரைப் பரம்பரையாக அணியப்படும் பொருள் என்று கடிகாரத்தை விற்றுவந்த நாடு, தன் பெருமையின் ஆணிவேரை அறுத்து அதன்மீது விலை மலிந்த கடிகாரத்தைச் செய்தது. இழப்புக் கணக்கில் பார்த்தால், அந்தக் காலத்துச் சுவிஸ் வடிவமைப்புகளுள் ஆகத் துணிவானது எது என்ற போட்டியில் ராயல் ஓக்கோடு சரிக்குச் சரி நிற்கக்கூடியது இந்தப் பிளாஸ்டிக் கடிகாரம்தான். ஆடம்பரக் கடிகாரங்களின் வீரவரலாற்றில் அதற்கு இடம் தருவதில்லை. தந்தால் துணிவு ஆடம்பரத்தின் தனியுரிமை என்ற கதை குலைந்துவிடும்.

1976-இல் பாடெக் பிலிப் நிறுவனத்துக்காக ஜெண்டா 'நாட்டிலஸ்' வரைந்தார். கப்பல் சாளரத்தை நினைவூட்டும் வடிவம், 42 மில்லிமீட்டர் அகலம், மறுபடியும் எஃகு. உலகின் மிக விலையுயர்ந்த கடிகாரங்களுள் ஒன்று எஃகால் ஆனது என்று அதன் விளம்பரம் பெருமையடித்தது. 1839 முதல் இயங்கும் நிறுவனம் அப்படிச் சொல்வதிலும் அன்று ஓர் ஆபத்து இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத் துணிவின் வரலாறு என்று சொல்ல முடியாது. பாட்டன் வைத்த தோப்பில் பேரன்மார் மாங்காய் பறித்து விற்ற வரலாறு அது.

பேரன்மார் பறித்த காய்களுள் மிகப் பெரியது 2021 டிசம்பரில் விழுந்தது. நாட்டிலஸ் வரிசையின் 5711 என்ற எஃகுக் கடிகாரத்தை நிறுத்தப்போவதாக அறிவித்திருந்த பாடெக் பிலிப், டிஃபனி நகைக்கடைக்காக அதையே 170 எண்ணிக்கையில் கடைசியாக ஒருமுறை செய்தது. முகப்பு டிஃபனியின் இளநீல வண்ணம். சில்லறை விலை ஏறத்தாழ 52,600 டாலர். அவற்றுள் முதலில் ஏலத்துக்கு வந்தது 65 லட்சம் டாலருக்கு விற்றது. தொகை இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கு நன்கொடையாகச் சென்றது, அது நன்று. ஆனால் வடிவமைப்பு என்ற வகையில் அங்கே நடந்தது என்ன? 45 ஆண்டுப் பழைய வரைபடத்தின்மீது வேறொரு நிறம். அந்த நிறம் பிடிக்காமல் போயிருந்தால் நிறுவனம் எதை இழந்திருக்கும்? ஒன்றையும் இழந்திருக்காது. வாங்குவோர் வரிசை ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் நீண்டிருந்தது. விலையை நூறு மடங்குக்கு மேல் ஏற்றியது வடிவத்தின் துணிவு அன்று, எண்ணிக்கையின் சுருக்கம்.

ஆடம்பரக் கடிகாரங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தச் சுருக்கமே. வடிவமைப்பு அதற்குப் போர்த்தப்படும் பட்டாடை. ரோலெக்ஸ் இதற்குத் தலைகீழான சான்று. 1926-இல் நீர்புகா 'ஆய்ஸ்டர்' உறையும் 1953-இல் ஆழ்கடல் நீச்சலுக்கான 'சப்மரீனர்' கடிகாரமும் செய்த அந்த நிறுவனம், பிறகு பல பத்தாண்டுகளாக மில்லிமீட்டர் கணக்கில்தான் தன் முதன்மை வடிவங்களை மாற்றிவருகிறது. ஆனால் சுவிஸ் கடிகாரச் சந்தையில் மதிப்பளவில் 30 விழுக்காட்டுக்கு மேல் அதன் கையில் இருப்பதாக மார்கன் ஸ்டான்லி மதிப்பீடுகள் சொல்கின்றன. துணிச்சலான வடிவமைப்புதான் வேறுபடுத்துகிறது என்றால், மாறாத நிறுவனம் முதலிடத்தில் நிற்பதற்கு விளக்கம் ஏது? ரோலெக்ஸாவது தன்னைப் புரட்சியாளன் என்று சொல்லிக்கொள்வதில்லை. அந்த அளவுக்கு அது நேர்மையானது.

துணிவை விற்கும் நிறுவனங்களை மட்டும் குறை சொல்வது முழு நீதி ஆகாது. துணிவை வாங்குவதாகச் சொல்பவர்களின் முகத்தையும் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் ஓட்மார் பிகே, ராயல் ஓக் நிழலிலிருந்து வெளியேறும் முயற்சியாக 'கோட் 11.59' என்ற வரிசையை வெளியிட்டது. வட்ட வளையத்துக்கும் வட்ட அடிமூடிக்கும் நடுவே எண்கோண உடல், உள்ளும் புறமும் வெவ்வேறாக வளைந்த கண்ணாடி, புதிய இயந்திரங்கள். குறைகள் இருந்தன, முகப்பு வெறிச்சோடி இருந்தது என்பது நியாயமான விமர்சனம். ஆனால் சமூக வலைத்தளங்களில் எழுந்தது விமர்சனம் அன்று, கெக்கலி. 2024 அக்டோபரில் பாடெக் பிலிப் 'கியூபிட்டஸ்' என்ற சதுர வடிவத்தைக் கொண்டுவந்தபோதும் அதே கெக்கலி. துணிவைப் போற்றுவதாகச் சொல்லும் சேகரிப்பாளர் கூட்டம், ஒரு நிறுவனம் உண்மையாகவே கை சுடும் இடத்தில் கை வைத்தபோது சிரித்தது. அந்தக் கூட்டம் விரும்புவது துணிவை அன்று. ஏற்கெனவே வென்றுவிட்ட துணிவை. 1972-இல் இருந்திருந்தால் ராயல் ஓக்கைப் பார்த்து முதலில் சிரித்திருப்பதும் அதே கூட்டம்தான்.

ஜெண்டாவின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. 1984-இல் ஜெனீவாவில் நடந்த உயர்நகைக் கண்காட்சியில், விலையுயர்ந்த உறைக்குள் மிக்கி மவுஸ் முகப்பு வைத்த கடிகாரங்களை அவர் காட்சிக்கு வைத்தார். அவற்றை அகற்றும்படி அமைப்பாளர்கள் கேட்டனர். அவர் மறுத்து வெளியேறினார். 2021-இல் ஓட்மார் பிகே தன் ராயல் ஓக் வரிசைக் கடிகாரம் ஒன்றின் முகப்பில் மார்வெல் சித்திரக்கதையின் 'பிளாக் பேந்தர்' உருவத்தை வைத்தது, 250 எண்ணிக்கை, தனியாகச் செய்த ஒன்று 52 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கேலிச்சித்திரம் அதே கேலிச்சித்திரம்தான். முன்னவர் அதற்காக அரங்கை இழந்தார். பின்னவர் அதனால் கருவூலம் நிறைத்தார். எது துணிவு என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான இணை தேவையில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். வடிவத்தை மட்டுமே குலைத்த கடிகாரங்கள் எத்தனையோ உண்டே, அவையெல்லாம் துணிவு ஆகாவா என்று கேட்கலாம். 1967-இல் லண்டன் கார்ட்டியே செய்த 'கிராஷ்' அவற்றுள் புகழ்பெற்றது. கார் விபத்தில் உருகிய கடிகாரத்தைப் பார்த்து எழுந்த வடிவம் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. கார்ட்டியே குடும்ப வரலாற்றை எழுதிய பிரான்செஸ்கா கார்ட்டியே பிரிக்கல் அதை மறுத்தார். ஜான் ஜாக் கார்ட்டியேவும் வடிவமைப்பாளர் ரூபர்ட் எமர்சனும் திட்டமிட்டுச் செய்த வடிவம் அது. கோணலான முகப்பில் எண்கள் எங்கே நின்றால் முள் சரியான மணியைக் காட்டும் என்று திரும்பத் திரும்ப வரைந்து பார்த்த உழைப்பு அதற்குப் பின்னால் இருந்தது. உழைப்பைவிட விபத்து நன்றாக விற்கும் என்பதால் விபத்து நிலைத்தது. கிராஷ் அழகிய வடிவம்; அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் செய்யப்பட்டவை மிகச் சில. தோற்றிருந்தால் ஒரு கடையின் சில வார உழைப்பு வீணாகியிருக்கும், அவ்வளவே. 2022-இல் அக்காலத்துக் கிராஷ் ஒன்று 15 லட்சம் டாலருக்கு விற்றபோது, வாங்கப்பட்டது துணிவு அன்று. அரிது என்னும் பண்பு.

ரிஷார் மில் நிறுவனத்தை இதே கூண்டில் அப்படியே ஏற்றிவிட முடியாது. 2010-இல் அது ரஃபேல் நடாலுக்காக, வாரோடு சேர்த்து 20 கிராமுக்கும் குறைவான எடையில் ஒரு டூர்பியோன் கடிகாரம் செய்தது. அவர் அதை அணிந்தே போட்டிகளில் ஆடினார், மாதிரிகள் உடைந்தன. லட்சக்கணக்கான கண்கள் பார்த்திருக்கும் ஆடுகளத்தில் கடிகாரம் நின்றுபோகலாம் என்ற ஆபத்து அங்கே உண்மையாக இருந்தது. ஆனால் அதே நிறுவனம் 2022-இல் எங்கே போய் நின்றது? அந்த ஆண்டு மார்ச்சில் புல்காரி 1.80 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கடிகாரம் செய்தது. ஜூலையில் ரிஷார் மில் ஃபெராரியோடு சேர்ந்து 1.75 மில்லிமீட்டரில் ஒன்று செய்தது, 150 எண்ணிக்கை, விலை 18 லட்சத்து 88 ஆயிரம் டாலர். 2024-இல் புல்காரி 1.70-க்கு இறங்கியது. அதே ஆண்டில் கான்ஸ்டான்டின் சாய்கின் என்ற ரஷ்யக் கடிகாரக் கலைஞர் 1.65-ஐத் தொட்டார். பொறியியல் திறன் வியப்புக்குரியது. ஆனால் ஒரு தாளின் தடிமனுக்கும் குறைவான வித்தியாசத்துக்காக நடக்கும் இந்தப் பந்தயத்தில், மணிக்கட்டுக்கு என்ன பயன், நேரத்துக்கு என்ன பயன் என்ற கேள்விகள் ஓரத்தில் ஒதுங்கி நிற்கின்றன.

பயனைத் தொட்ட துணிவுக்கு எடுத்துக்காட்டு இல்லாமல் இல்லை. ஜெகர் லெகூல்டரின் 'ரிவர்சோ' பிறந்த கதை இந்திய மண்ணில் தொடங்குகிறது. போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் ஆட்டத்தில் நொறுங்கின. இந்தியா வந்திருந்த கடிகார வணிகர் செசார் டெ ட்ரே அந்தச் சிக்கலை எடுத்துச் சென்றார். ரெனே ஆல்ஃபிரட் ஷோவோ அதற்கு 1931-இல் காப்புரிமை பெற்றார். உறை தன் சட்டத்துக்குள்ளேயே சறுக்கித் திரும்பிக் கண்ணாடியை உள்ளே மறைத்துக்கொள்ளும். உலகப் பொருளாதாரம் சரிந்துகிடந்த ஆண்டில், அசையும் உறை என்ற செலவு மிகுந்த பந்தயம். 2001-இல் யுலிஸ் நார்டின் வெளியிட்ட 'ஃபிரீக்' அதே இனம். அதற்கு வழக்கமான முள் இல்லை, சாவி கொடுக்கும் குமிழ் இல்லை. இயந்திரமே சுழன்று நேரம் காட்டியது. சிலிக்கானால் ஆன உறுப்புகள் அதற்குள் முதன்முதலாக இடம்பெற்றன. எள்ளி நகையாடப்பட்டிருக்கக்கூடிய அந்தச் சிலிக்கான் பின்னர் பெரிய நிறுவனங்களின் இயந்திரங்களுக்குள்ளும் புகுந்தது. துணிவுக்கு இன்னோர் அடையாளம் இதில் கிடைக்கிறது. உண்மையான துணிவு தொழில் முழுவதற்கும் பரவும். பகட்டு தன் ஏல எண்ணுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும்.

இவையெல்லாம் ஐரோப்பியப் பணக்காரர்களின் விளையாட்டு, இந்தியாவுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு விடை உண்டு. இந்தியாவும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளும் 2024 மார்ச் 10 அன்று கையெழுத்திட்ட வணிக உடன்பாடு 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சுவிஸ் கடிகாரங்கள்மீது இருந்த 20 விழுக்காடு சுங்கவரி ஏழாண்டுகளில் படிப்படியாக நீங்கும். விலை இறங்கும், விளம்பரம் ஏறும். எண்கோண வளையமும் உறையிலிருந்து வழியும் சங்கிலியும் கொண்ட நகல் வடிவங்களை எல்லா விலைகளிலும் இந்தியச் சந்தையில் ஏற்கெனவே காணலாம். ஜெண்டா ஓரிரவில் வரைந்ததை அரை நூற்றாண்டு கழித்து இந்தியாவில் நகலெடுத்து, அதற்குத் 'துணிச்சல்' என்று பெயரிட்டு விற்பது நகைப்புக்குரியது. அதைவிடத் துயரமானது, அந்தச் சொல்லின் உண்மைப் பொருளுக்கு இந்தியாவிலேயே ஒரு முன்மாதிரி இருக்கும்போது அதை மறந்துவிட்டு இதைச் செய்வது.

அந்த முன்மாதிரி ஒசூரில் உள்ளது. பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கி, ஒரு தலைமுறையின் மணிக்கட்டையே நிறைத்தது. கிடைப்பதே அரிது என்ற காலத்தில் வடிவமைப்பைப் பற்றி அது கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அந்த நிம்மதியே அதன் நோயாயிற்று. 2016-இல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், சாவி கொடுக்கும் கடிகாரத்துக்குப் பழகிய நாட்டில் குவார்ட்ஸை நம்பி ஒசூரில் ஆலை எழுப்பியது. 2002-இல் அங்கிருந்து வந்தது 'எட்ஜ்'. இயந்திரத்தின் தடிமன் 1.15 மில்லிமீட்டர், முழுக் கடிகாரமும் 3.5 மில்லிமீட்டர், நீரும் புகாது. மெல்லிய உறை வளையும். வளைந்தால் நீர் கசியும். மெல்லிய மின்கலம் விரைவில் தீரும். இந்த முரண்களையெல்லாம் ஒசூர்ப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டித் தீர்த்தனர். கிடைத்ததை ஏலக்கூடத்துக்கு அனுப்பவில்லை. மாதச் சம்பளக்காரர் சேமித்து வாங்கக்கூடிய விலையில் கடைத்தெருவில் வைத்தனர். தோற்றிருந்தால் ஆண்டுகளும் முதலீடும் நம்பிக்கையும் போயிருக்கும். இன்றும் அந்த நிறுவனத்தின் தனிப்பெரும் பங்குதாரர் தமிழ்நாட்டு அரசின் அந்தக் கழகமே. அதாவது அந்தப் பந்தயத்தில் பொதுப் பணமும் இருந்தது.

அதே டைட்டன் 2011-இல் ஃபாவ்ர் லூபா என்ற பழைய சுவிஸ் பெயரை விலைக்கு வாங்கியது. சில ஆண்டுகள் நடத்திப் பார்த்தது. பின்னர் 2023-இல் கைமாற்றிவிட்டது. தன் ஆலையில் பிறந்த துணிவு வென்றது. விலைக்கு வாங்கிய பாரம்பரியம் நிற்கவில்லை. இந்தியத் தொழிலுக்கு இதைவிட வெளிப்படையான பாடம் வேண்டியதில்லை.

பணயம் வைக்கப்பட்டிருப்பது சில பணக்காரர்களின் ரசனை மட்டும் அன்று. வடிவமைப்பு என்றால் என்ன என்று இந்தியாவில் இன்று கற்கும் மாணவர்களுக்கு எது முன்னுதாரணமாக வைக்கப்படுகிறது என்பதே கேள்வி. துணிவு என்பது நிறமாற்றம், எண்ணிக்கைக் கட்டுப்பாடு, புகழ்பெற்ற விளையாட்டு வீரரின் மணிக்கட்டு என்று அவர்கள் கற்றால், சுங்கவரி நீங்கும் ஏழாண்டுகளுக்குள் இந்தியக் கடிகாரத் தொழில் சுவிஸ் நிறுவனங்களுக்குக் காட்சிக்கூடமாகவும் நகல்களுக்குக் கிடங்காகவும் சுருங்கும். துணிவு என்பது ஒரு சிக்கலோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டித் தன் முதலைப் பணயம் வைப்பது என்று கற்றால், ஒசூரில் ஒருமுறை நடந்தது மறுமுறையும் நடக்கும்.

ஆடம்பர நிறுவனங்கள் தம் பொருளை விற்கட்டும். வாங்க முடிந்தவர் வாங்கட்டும். எஃகின் மெருகையும் இயந்திரத்தின் நுட்பத்தையும் ரசிப்பதில் பிழையில்லை. ஆனால் துணிவு என்ற சொல்லை அவர்களுக்கு இலவச இணைப்பாகக் கொடுத்துவிட வேண்டியதில்லை. அடுத்த கடிகாரத்தின் அறிமுக விழாவில் அந்தச் சொல் ஒலிக்கும்போது, விலை என்ன, எத்தனை எண்ணிக்கை என்று கேட்பதற்கு முன், இது விற்காமல் போனால் யாருடைய பணம் போகும், யாருடைய வேலை போகும் என்று ஒருவராவது கேட்க வேண்டும். விடை சொல்ல முடியாத நிறுவனம் அந்தச் சொல்லைத் தன் விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுவதே கௌரவம்.